கேட்டுக்கு வெளியே 20,000 பேர்

திரைப்பட விழாவில் போடும் படங்களுக்குச் சென்சார் சான்றிதழ் தேவையில்லை, விலக்கு வாங்கித்தான் திரையிடுவார்கள். இந்த ஒரே காரணத்துக்காக விழாவுக்கு வந்துகொண்டிருந்த கூட்டம் ஒன்று சென்னையில் இருந்தது. கழுத்தில் டெலிகேட் பாஸைத் தொங்கவிட்டுக்கொண்டு "இதுல சீன் இருக்கா சார்?" என்று வரிசையில் நின்று விசாரிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். இப்போது போனிலேயே எல்லாம் கிடைத்துவிடுவதால் அவர்கள் குறைந்துவிட்டார்கள். சாலிகிராமத்திலிருந்து பைக்கில் மூன்று பேராக வந்து இறங்கும் உதவி இயக்குநர்கள், விஸ்காம் மாணவர்கள், டிபன் பாக்ஸோடு காலையிலேயே வந்து இரவுக் காட்சிவரை உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள், இவர்கள்தான் இப்போதைய கூட்டம். சென்சாரில் ஏன் ஆரம்பித்தேன் என்றால், இந்த முறை நான் பார்த்த போர்ப் படத்தை நம் சென்சார் போர்டுக்கு அனுப்பினால்கூட வெட்டுவதற்கு அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ரத்தம் கிட்டத்தட்ட இல்லை. வெடித்துச் சிதறும் உடல்கள் இல்லை. 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் பையன்களும் கொல்லப்பட்ட சம்பவத்தைப் பற்றிய படம், ஆனால் கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை. அப்படி ஒரு படம் ஏன் என்னை இத்தனை பாடுபடுத்தியது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

படத்தின் பெயர் 'க்வோ வாடிஸ், ஐடா?'. ஐரோப்பாவில் இருக்கும் போஸ்னியா நாட்டுப் படம், இயக்கியவர் யாஸ்மிலா ஜ்பனிச். 2020 செப்டம்பரில் வெனிஸ் விழாவில்தான் முதன்முதலாகத் திரையிட்டார்கள், அடுத்த வருடம் ஆஸ்கரில் சர்வதேசப் படங்களின் கடைசி ஐந்தில் ஒன்றாக வந்தது. நம் ஊருக்கு எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அண்ணா சாலைப் பக்கம் ஒரு தியேட்டரில், விழாவில் அதன் முதல் காட்சி என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு நானும் நண்பனும் போனோம். நண்பன் வடபழனியில் எடிட்டராக இருக்கிறான். அவன் குடும்பம் இலங்கையின் வன்னியிலிருந்து படகில் வந்து ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் இறங்கி, அப்புறம் புழல் அகதி முகாமுக்கு வந்தது. அவன் வளர்ந்ததெல்லாம் இங்கேதான், பேசுவதும் நம் சென்னைத் தமிழ்தான். பதற்றம் வந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் எட்டிப்பார்க்கும்.

அரங்கு நிறைந்துவிட்டது, படியிலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். படத்தை அறிமுகப்படுத்தியவர் மைக்கைப் பிடித்து, கனமான படம், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் மாலை இன்னொரு தியேட்டரில் நடக்கும் நகைச்சுவைப் படத்தையும் தவறவிடாதீர்கள் என்றார். விழா என்றால் அப்படித்தான். ஒரு நாளைக்கு நான்கைந்து படம், ஒன்றில் அழுதுவிட்டு அடுத்ததில் சிரிக்க வேண்டும், நடுவில் சமோசா.

அந்தப் படுகொலை நடந்த இடம் ஸ்ரெப்ரெனிட்சா, போஸ்னியாவின் கிழக்கில் மலைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். 1992இல் போர் தொடங்கியதும் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து செர்பியப் படைகள் விரட்டிய போஸ்னிய முஸ்லிம்கள் அங்கே வந்து குவிந்தார்கள். 1993 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் அதைப் 'பாதுகாப்பான பகுதி' என்று அறிவித்தது. காவலுக்கு நெதர்லாந்திலிருந்து சில நூறு வீரர்கள். 1995 ஜூலை 11 அன்று ரட்கோ ம்லாடிச் தலைமையிலான போஸ்னிய செர்பியப் படை ஊருக்குள் நுழைந்தது. சனம் முழுக்க ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிப் பொடொச்சாரியில் இருந்த ஐ.நா. முகாமை நோக்கி ஓடியது. முகாம் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம், பழைய பேட்டரி தொழிற்சாலை. சுமார் 5,000 பேரை உள்ளே விட்டுவிட்டு இதற்குமேல் இடமில்லை என்று கேட்டைச் சாத்திவிட்டார்கள். ஏறக்குறைய 20,000 பேர் வெளியே, ஜூலை வெயிலில்.

படம் அந்தக் கேட்டைச் சுற்றித்தான் நடக்கிறது. ஐடா பள்ளிக்கூட ஆசிரியை, ஐ.நா. படைக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது, அதை வைத்துக்கொண்டு அவள் உள்ளே போகலாம், வெளியே வரலாம். கணவனும் இரண்டு பையன்களும் கேட்டுக்கு வெளியே கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். எப்படியோ கெஞ்சி, கத்தி அவர்களை உள்ளே கொண்டுவருகிறாள். அதற்குப் பிறகு படம் முழுக்க ஓட்டம். அந்த அதிகாரியிடம் ஓடு, இந்த மேஜரிடம் ஓடு, பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல், அட்டை அடித்துத் தரச் சொல், ஒளித்துவைக்க ஒரு மூலை தேடு. யாஸ்னா ஜூரிச்சிச் என்ற நடிகை அந்த ஓட்டத்தில் ஒரு இடத்தில்கூட நம்மைப் பார்த்து அழு என்று கேட்கவில்லை. கோபமாக இருக்கிறாள், சில இடங்களில் மற்றவர்களைத் தள்ளிவிட்டுப் போகிறாள், அக்கம்பக்கத்தவர் 'எங்களுக்கும் சொல்லு' என்று கேட்டால் பதில் சொல்லாமல் நழுவுகிறாள். தன் பிள்ளைகள் பிழைத்தால் போதும் என்று நினைக்கிற சாதாரண அம்மா. தியாகத் திருவுருவமாக அவளை ஆக்காததற்கே இயக்குநருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இதில் கொடுமை என்னவென்றால் அவளுடைய வேலை. அதிகாரிகள் சொல்வதைத் தன் வாயால் தன் ஊர்ச் சனத்துக்குச் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், பாதுகாப்பாகக் கொண்டுபோவார்கள், வரிசையில் வாருங்கள் என்று அவள் ஒலிபெருக்கியில் சொல்கிறாள், அது பொய் என்று அவளுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகும் சொல்கிறாள். வெளியே ம்லாடிச் டிவி கேமரா புடைசூழ வந்து சனத்துக்கு ரொட்டியும் குழந்தைகளுக்குச் சாக்லேட்டும் கொடுக்கிறார், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்கிறார். இது படத்துக்காகச் செய்த கற்பனை இல்லை, உண்மையில் அப்படித்தான் நடந்தது, அந்த வீடியோ இன்றைக்கும் இணையத்தில் கிடைக்கிறது. அந்த ம்லாடிச்சாக நடித்திருக்கும் போரிஸ் இசாகோவிச், ஐடாவாக நடித்தவரின் நிஜக் கணவர். படம் முடிந்த பிறகு தேடிப் படித்ததில் தெரிந்தது, தெரிந்ததிலிருந்து அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த மாதங்களில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஒரு நினைப்பு.

நெதர்லாந்து வீரர்களை அரக்கர்களாகக் காட்டவில்லை. பாதிப் பேர் அரை டிராயர் போட்ட பையன்கள், முகத்தில் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, பயத்தில் நிற்கிறார்கள். மேலதிகாரி போனை எடுத்து மேலிடத்தைக் கூப்பிட்டால் மறுமுனையில் முடிவெடுக்கிற ஆள் யாருமே கிடைப்பதில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் விதி. பட்டியலில் பெயர் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீஸிலும் நாம் கேட்டுப் பழகிய அதே பேச்சுதான், என்ன, இங்கே சர்க்கரையோ சான்றிதழோ போகும், அங்கே உயிர் போனது.

பேருந்துகள் வருகின்றன. பெண்கள், குழந்தைகள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று பிரிக்கிறார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையனை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று ஒரு சிப்பாய் பார்வையாலேயே அளக்க வேண்டிய இடம் அது. அங்கேதான் நண்பன் எழுந்தான். "நான் வெளியில நிக்கிறன், நீ பாத்திட்டு வா" என்றான். வீட்டுத் தமிழ். படியில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டிப் போனான், ஒருவர் 'உக்காருங்க சார், மறைக்குது' என்று சிடுசிடுத்தார். நானும் கூடவே போயிருக்கலாம்தான், ஆனால் அவன் தனியாக இருக்க விரும்புகிறான் என்று எனக்குத் தெரியும், அதைவிட உண்மையான காரணம், எனக்கு எழுந்திருக்கக் கால் வரவில்லை.

கொலைக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. ஆண்களை ஒரு அரங்கத்துக்குள் கொண்டுபோய் அடைக்கிறார்கள். மேடை இருக்கிற, ஊர் விழாக்களும் சினிமாவும் நடக்கிற மாதிரியான அரங்கம். எல்லாரும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். மேலே சுவரில் இருக்கும் சின்னத் திறப்புகள் வழியாகத் துப்பாக்கிக் குழல்கள் நீள்கின்றன. அவ்வளவுதான், கேமரா வெளியே வந்துவிடுகிறது. வெயில், வீடுகள், விளையாடுகிற பிள்ளைகள். சத்தம் மட்டும் கேட்கிறது. நான் உட்கார்ந்திருந்ததும் ஒரு அரங்கம், என் தலைக்கு மேலே பின்பக்கச் சுவரிலும் ஒரு சின்னத் திறப்பு, அதிலிருந்துதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவரும் திரும்பிப் பார்த்தார். இதே படத்தை வீட்டில் லேப்டாப்பில் பார்த்திருந்தால் இது எனக்குத் தோன்றியே இருக்காது.

போரை நேருக்கு நேர் காட்டும் படங்களுக்கு நான் எதிரி இல்லை. 1943 பெலாரஸைப் பற்றி எலெம் கிளிமோவ் 1985இல் எடுத்த 'கம் அண்ட் சீ' பார்த்துவிட்டு இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு கிளிமோவே வேறு படம் எடுக்கவில்லை. ஆனால் அதில் கண்ணை மூடிக்கொள்ளலாம். இதில் எந்த இடத்தில் மூடுவது? ஒரு பெண் தாழ்வாரத்தில் ஓடுகிறாள், ஒரு அதிகாரி தலையை ஆட்டி முடியாது என்கிறான். இதைப் பார்க்க முடியவில்லை என்று யாரிடம் சொல்வது.

ஐடா கற்பனைப் பாத்திரம், ஆனால் வெறுங்கற்பனை இல்லை. ஹாசன் நுஹனோவிச் என்பவர் அதே முகாமில் ஐ.நா.வின் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அவருடைய அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் முகாமுக்குள் இருந்தார்கள். பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்ததால் அப்பா மட்டும் தங்கலாம் என்றார்கள். தம்பிக்கு இடமில்லை. சின்ன மகனைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அப்பாவும் அம்மாவும் கூடவே வெளியேறினார்கள். மூவருமே கொல்லப்பட்டார்கள். மிஞ்சிய மூத்த மகன் நெதர்லாந்து அரசின் மேல் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைந்தார். 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அவருடைய அப்பா, தம்பி, அப்புறம் முகாமில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்த ரிஸோ முஸ்தாஃபிச், இந்த மூன்று பேரின் சாவுக்கும் நெதர்லாந்து பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. இதோடு நின்றிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முகாமிலிருந்து வெளியேற்றப்பட்ட இன்னும் 350 ஆண்கள் சம்பந்தமான வழக்கு தனியாக நடந்தது. அவர்களை உள்ளேயே இருக்க விட்டிருந்தாலும் செர்பியப் படையிடம் சிக்காமல் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று நீதிமன்றங்கள் கணக்குப் போட்டன. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 30 சதவீதம் என்றது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை 10 சதவீதமாகக் குறைத்தது. அதாவது அரசின் பொறுப்பு 10 சதவீதம், இழப்பீடும் அந்தக் கணக்கில். படத்தில் வரும் அந்தப் பட்டியலைவிட இந்த 10 சதவீதம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. சட்டம் படித்தவர்கள் இதில் நியாயம் இருக்கிறது என்று விளக்குவார்கள், விளக்கட்டும்.

சரி, நண்பனுக்கு வருகிறேன்.

படம் பார்க்கும்போது இது நம் கதை என்று தோன்றாத தமிழன் அந்த அரங்கில் இருந்திருக்க மாட்டான் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது உண்மை இல்லை. பக்கத்தில் இருந்தவர் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நண்பனோடு போன எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா. கிளிநொச்சியிலிருந்து தன் ஆட்களைக் கிளப்பிக்கொண்டு போனபோது சனம் அலுவலகக் கேட்டை மறித்து, போகாதீர்கள், நீங்கள் இருந்தால்தான் எங்களுக்குப் பாதுகாப்பு என்று கெஞ்சியது. போய்விட்டார்கள். 2009 ஜனவரியில் இலங்கை அரசு 'பாதுகாப்பு வலயம்' என்று ஒன்றை அறிவித்து அங்கே போகச் சொன்னது. போன இடத்தில் ஷெல் விழுந்தது. வலயம் சுருங்கிச் சுருங்கி முள்ளிவாய்க்காலில் ஒரு துண்டுக் கடற்கரையாக முடிந்தது. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கக்கூடும் என்றது. சனத்தைப் போகவிடாமல் பிடித்துவைத்ததையும் தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் புலிகள் பேரிலும் அதே அறிக்கை எழுதியிருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அடுத்த வருடம் ஐ.நா. தன்னைத் தானே விசாரித்து இன்னொரு அறிக்கை போட்டது, நாங்கள் தவறிவிட்டோம் என்று. முள்ளிவாய்க்கால் நடந்தது ஸ்ரெப்ரெனிட்சாவுக்குப் பதினான்கு வருடம் கழித்து.

நண்பனின் சித்தப்பா 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலுக்குப் பக்கத்தில் வட்டுவாகல் பாலத்தடியில் ராணுவத்திடம் சரணடைந்தார். சித்தி கண்முன்னால் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் தகவல் இல்லை. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் 2017 பிப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தில் சித்தியும் போய் உட்காருவார், மடியில் போட்டோவை வைத்துக்கொண்டு. இந்த விஷயம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அந்தப் பேருந்துக் காட்சி வரப்போகிறது என்று அவனை எச்சரிக்க எனக்கு வழியில்லை, நானும் முதல் தடவை பார்க்கிறேன்.

கடைசிப் பகுதி அவன் பார்க்காதது. வருடங்கள் கழித்து ஐடா தன் ஊருக்குத் திரும்புகிறாள். அவள் வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. ஒரு பெரிய கூடத்தில் தோண்டியெடுத்த எலும்புகளையும் துணிமணிகளையும் வரிசையாகப் பரப்பியிருக்கிறார்கள், பெண்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். நிஜத்தில் கொலைகாரர்கள் தடயத்தை மறைக்க இயந்திரம் வைத்துக் குழிகளைத் தோண்டி உடல்களை வேறு இடங்களில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள், அதனால் ஒரே ஆளின் எலும்பு இரண்டு மூன்று குழிகளிலிருந்து கிடைத்திருக்கிறது. டி.என்.ஏ. சோதனையில் இதுவரை ஏறக்குறைய 7,000 பேரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஜூலை 11 அன்றும் பொடொச்சாரியில் அந்த வருடம் அடையாளம் தெரிந்தவர்களை அடக்கம் செய்கிறார்கள். ம்லாடிச்சுக்கு 2017இல் ஆயுள் தண்டனை, 2021இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. ஐடா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே மறுபடி ஆசிரியையாகச் சேர்கிறாள். பள்ளி விழாவில் பிள்ளைகள் ஆடுகிறார்கள், கையால் கண்ணைப் பொத்துகிறார்கள், திறக்கிறார்கள். கீழே உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கும் பெற்றோரில் அன்றைக்குத் துப்பாக்கி பிடித்து நின்றவர்களும் இருக்கிறார்கள். படத்திலேயே என்னை அதிகம் கலங்கடித்தது அரங்கக் காட்சி இல்லை, இதுதான்.

கைதட்டினார்கள். வெளியே வந்தால் டீக்கடையில் உதவி இயக்குநர்கள் கூட்டம் ஒன்று ஏற்கெனவே படத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த ஊர்க்காரன் எப்படிப் பக்கத்து வீட்டுக்காரனையே கொல்கிறவனாக மாறினான் என்று படம் சொல்லவில்லை என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான், எனக்கும் அந்தக் குறை உண்டு. 1992இலிருந்து 1995வரை நடந்த எதுவும் படத்தில் இல்லை, போஸ்னியா எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு முதல் அரை மணி நேரம் தலைசுற்றும். போஸ்னிய மொழி, டச்சு, ஆங்கிலம் என்று மாறிமாறிப் பேசுகிறார்கள், சப்டைட்டில் பறக்கிறது. இன்னொருவர் இன்டர்வெல் பிளாக் எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார், தொழில் புத்தி.

நண்பன் அங்கேதான் நின்றிருந்தான். முடிவு என்ன என்று கேட்டான், சொன்னேன். "திரும்ப அங்கயே போய்ப் படிப்பிச்சவவா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அந்த நகைச்சுவைப் படத்துக்குப் போகலாமா என்று அவன்தான் கேட்டான். போனோம். சிரிக்கவும் செய்தோம், நன்றாகவே இருந்தது அந்தப் படம். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் கதையைச் சொல்லியிருக்கிறான். அம்மாவுக்கு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டுமாம். வேண்டாம் அம்மா, உங்களால் தாங்க முடியாது என்று இவன் சொல்ல, "நான் காணாததையே காட்டப் போறாங்கள்?" என்று கேட்டாராம். அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் புரியாது. தமிழில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அதனால் நாங்களே உட்கார்ந்து தமிழில் எழுத ஆரம்பித்திருக்கிறோம். எந்தத் தமிழில் எழுதுவது என்பதில் எங்களுக்குள் சண்டை, அவன் அம்மா பேசுகிற தமிழில்தான் இருக்க வேண்டும் என்கிறான், இப்போதைக்கு அவன் சொல்வதுதான் நடக்கிறது. சப்டைட்டில் கோப்பில் நேரம் முன்னே பின்னே நழுவினால் எப்படிச் சரிசெய்வது என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். எடிட்டருக்கே அது பிடிபடவில்லை, தமிழ் எழுத்து வேறு சில இடங்களில் கட்டம் கட்டமாக வருகிறது.